பனியை எடு

“இது தேர்ப் படமா? ஈர வேட்டியைக் காயப் போட்ட மாதிரி இருக்கு,” என்று படத்தை வினோதாவின் ஸ்டூடியோ மேசையில் தள்ளிவிட்டார் கோயில் கமிட்டித் தலைவர் முத்துலிங்கம். “சரிவராது. கலண்டர் வேலையை ஹட்டன்ல வழக்கமா செய்றவங்களுக்கே கொடுத்திருவோம்.”

செயலாளர் செல்லசாமி படத்தை மெல்லத் தலைவர் பக்கமே திருப்பி வைத்தார். வினோதாவைச் சிபாரிசு செய்தவர் அவர்தான். அவர்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, தலவாக்கலை பஜாரில் இப்போதுதான் ஸ்டூடியோ போட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு தொங்கப்போகிற கலண்டரில் அதன் படம் வந்தால் நாலு வேலை தேடி வரும். வராவிட்டால் கடைக்கதவைச் சாத்த வேண்டியதுதான்.

“கொறையைச் சொல்லுங்க தலைவரே, புள்ள திருத்திக் கொடுத்திரும். கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு?”

“திருத்துறேன் மாமா,” என்றாள் வினோதா.

முத்துலிங்கம் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார்.

“மொதல்ல இந்த நாய். தேருக்கு முன்னாடி கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்குது. இது நம்ம கோயிலுக்குச் சந்தா கட்டுதா?”

நாய் போனது.

“கரண்டுக் கம்பி. அம்மன் தலைக்கு மேல துணிக்கொடி மாதிரி.”

கம்பி போனது.

“பின்னாடி மலை மொட்டையா இருக்கு.”

“தேயிலையைக் கவ்வாத்து வெட்டின மலை மாமா. அப்படித்தான் இருக்கும்.”

“வெட்டினா என்ன? பச்சையாக்கு.”

மலை தளதளவென்று பச்சையானது. “தோட்டத்துக் கண்டாக்கையா பாத்தா நாளைக்கே கொழுந்தெடுக்க ஆள் அனுப்பிருவாரு,” என்றார் செல்லசாமி.

“இவன் கணேசமூர்த்தி. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறான். மூடு.”

வினோதா மூடினாள்.

“பொறந்ததுலருந்து இன்னைக்குத்தான் மூடியிருக்கான்!”

தலைவர் தன் நகைச்சுவைக்குத் தானே தொடையைத் தட்டிச் சிரித்தார். ஒப்பேறிவிடும் என்று செல்லசாமிக்கு மூச்சு வந்தது.

“இப்ப பனி. தேருக்கு எடது பக்கம் பூரா வெள்ளையா அடைச்சிருக்கு பாரு. கீழ்ப்பிரிவுக்காரன் பாத்தா, தேருக்குக் கூட்டமே வரலையான்னு கேப்பான். பனியை எடு.”

வினோதாவின் கை நின்றது.

“பனி இருந்தாத்தான் மாமா அழகு.”

“பனியைப் பாக்க எதுக்குக் கலண்டர்? சன்னலைத் தொறந்தாப் போதும்.”

“வேற படம் இருக்கா புள்ள?” என்று கேட்டார் செல்லசாமி.

“கோயிலும் தேரும் சனமும் ஒண்ணா விழுந்தது இது ஒண்ணுதான் சித்தப்பா.”

“அப்ப இதுல எடு,” என்றார் தலைவர்.

“எடுத்தா நல்லா இருக்காது மாமா. சொன்னாக் கேளுங்க.”

“எடுக்கத் தெரியலைன்னு சொல்லு. உங்கம்மா மாதிரியே சாக்குச் சொல்லாத.”

செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை தோட்டத்தில் மீன், இறைச்சி எதுவும் கூடாது. இந்த வருடம் அதில் தலைவர் ஏகக் கண்டிப்பு. “மூணாம் லயத்து வரிசையில பேச்சியம்மா வீட்டுல கருவாட்டு வாசம் வருது” என்று ஸ்பீக்கரிலேயே அறிவித்துவிட்டார். பேச்சியம்மா வினோதாவின் அம்மா. பூனைக்குச் சுட்டது என்று அவள் அழுது பார்த்தாள். பூனை வந்து சாட்சி சொல்லவில்லை. தேர் வடத்தைத் தொடக்கூட அவளை விடவில்லை.

வினோதா மவுஸை மெல்ல நகர்த்தினாள்.

பனி கொஞ்சம் மெலிந்தது. ஓர் ஓட்டோவின் கூரை தெரிந்தது.

“தேருக்குப் பக்கத்துல எவன் ஓட்டோவைக் கொண்டாந்து போட்டது? இன்னும் எடு.”

ஓட்டோவின் கண்ணாடிப் பெட்டி தெரிந்தது. உள்ளே பேக்கரியில் சுட்ட பாணும் பணிஸும். பாட்டுப் போட்டுக்கொண்டு லயம் லயமாக வருகிற பாண் ஓட்டோ.

“பாத்தியா செல்லசாமி? அம்மன் ஊர்வலம் வரும்போது வியாபாரம்! பக்கத்துல எவனோ நின்னு திங்கிறான் வேற. யாருன்னு தெரியட்டும், அடுத்த கூட்டத்துல பேரைச் சொல்லிக் கிழிச்சிருவோம். முழுசா எடு புள்ள!”

“வேணாம் மாமா.”

“எடுங்கிறேன்!”

எடுத்தாள்.

பட்டு வேட்டி. தலைப்பாகை. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. உப்பிய கன்னம். கையில் பாதி கடித்த, மூன்று மூலைப் பணிஸ்.

தலைவர்.

செல்லசாமி திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

“மாலு பாணுங்களா தலைவரே?” என்றார் செல்லசாமி, பணிவாக. “மூணு மூலைன்னா உள்ள மீன் வச்சதுல்ல?”

“சே சே. சீனிப் பணிஸ்.”

“அது வட்டமால்ல இருக்கும்?”

முத்துலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிப் பார்த்தார். மூலை மூன்றும் அப்படியே இருந்தன.

“என்ன இருந்தாலும்...” தொண்டையைச் செருமினார். “நம்ம மலைக்குப் பனிதான் ஒரு லட்சணம். என்ன சொல்ற செல்லசாமி?”

“நீங்க சொன்னாச் சரிங்க.”

“ஏம்புள்ள...” மைக் இல்லாமலே தோட்டம் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல், இப்போது மேசையைத் தாண்டவில்லை. “எடுத்த பனியைத் திரும்ப அங்கேயே வைக்க முடியுமா?”

“முடியும் மாமா,” என்றாள் வினோதா. “மொதல்ல இருந்த பனியும் நான் வச்சதுதானே.”