சக்குக்கு அடியில் ஒரு பலகை

"சோறு போட்ட மெஷினை உடைச்சு எடைக்குப் போடுறியே, உனக்கு வெட்கமா இல்ல?"

இரும்பு கடைசல் வேலை பார்க்கும் டர்னர் போட்ட சத்தத்தில் பட்டறைக் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

 பழைய இரும்புக்காரர், இரும்பை அறுக்கும் கேஸ் கட்டரோடு நின்ற ஆளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, கவிழ்த்துப் போட்ட ஒரு டிரம்மில் போய் உட்கார்ந்தார்.

பட்டறையை மூடிப் பதினோரு வருஷம். முதலாளி போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது கட்டடத்தை விற்றுவிட்டார்கள். உள்ளே கிடந்த இரும்பு மொத்தமும் இவர் கைக்கு வந்துவிட்டது. மற்ற மெஷின்கள் எல்லாம் ஏற்கெனவே துண்டு துண்டாகக் கிடந்தன. மூலையில் இரும்பு கடையும் மூன்று லேத்துகள் மட்டும்தான் மிச்சம்.

அந்த மூன்றையும் காப்பாற்றியே தீருவது என்று டர்னர் தன் மச்சினனையும் அவன் லாரியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"மாமா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. அவர் தரமாட்டேன்னுட்டா என்ன பண்றது?"

"நீ சும்மா இரு. இவன் யாருன்னு நினைச்ச? நானும் இவனும் இங்கதான் ஒண்ணா வேலை பார்த்தோம்."

டர்னர் மச்சினனின் கையைப் பிடித்துப் பெரிய லேத்திடம் கூட்டிப் போனார். அதன் நீளமான இரும்புப் படுகையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம்.

"இதைப் பாரு. மேல உருண்டையா இருக்கே, இதுதான் சக். கடையற இரும்பை இதுதான் கவ்விப் பிடிக்கும். நாப்பது கிலோ கனம். இதைக் கழட்டும்போது அடியில ஒரு பலகை போடணும். நழுவினாலும் பலகையிலதான் விழும். லேத்துக்காரனுக்கு இது அ, ஆ மாதிரி."

"போடலேன்னா?"

"இந்தக் கதிதான். இவன் ஒருநாள் பலகை போடாம விட்டான். எத்தனை வருஷம் ஆனாலும் இரும்பைச் சீவுற டூல் இந்த இடத்துக்கு வந்தா ஒரு துள்ளு துள்ளும். முதலாளி தலையில கையை வச்சு உட்கார்ந்துட்டாரு. அன்னிக்கே இவனை வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அப்புறம் எந்தப் பட்டறையிலயும் சேர்க்கல. மெஷினோட அருமை தெரியாதவன் கடைசியில பழைய இரும்புதான் பொறுக்கணும்."

தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் காலிப் பட்டறையில் ஊசி விழுந்தாலே கேட்கும். இரும்புக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினனுக்குத்தான் கூசிப்போயிற்று. வேகமாக அவரிடம் போனான்.

"அண்ணே, மாமா படபடன்னு பேசிடுவாரு. மனசுல வச்சுக்காதீங்க. எங்களுக்கு இந்த மூணு லேத்தும் வேணும். எடைக்கு என்ன விலையோ தந்துடுறோம்."

"தாராளமா எடுத்துக்குங்க தம்பி. சாயங்காலம் கட்டடத்தை இடிக்க ஆள் வந்துடும். அதுக்குள்ள ஏத்திடுங்க."

இவ்வளவு சுலபமாக வேலை முடியும் என்று டர்னரே எதிர்பார்க்கவில்லை. இன்னும் அரை மணி நேரம் கத்துவதற்குத் தயாராக வந்தவர் அவர்.

மச்சினன் லேத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். பிசுபிசுவென்று ஒட்டியது.

"பதினோரு வருஷமா பூட்டிக் கிடந்ததுன்னீங்க. எண்ணெய் புதுசா இருக்கே மாமா?"

"அண்ணன் வேலைதான்," என்றான் கட்டர்காரன். "நாலு நாளா துருவைத் தேய்ச்சுத் தேய்ச்சு எண்ணெய் போடுறாரு. எவனாவது டர்னர் தேடி வருவான், அதுவரைக்கும் இதுல கை வைக்காதேன்னுட்டாரு."

டர்னர் காதில் விழாததுபோல் சட்டைக் கையை மடித்துவிட்டார். "பேசிக்கிட்டே நிக்காதே. முதல்ல சக்கைக் கழட்டுவோம், பாரம் குறையும்."

அவசரம். நேரமாகிறது என்ற பதற்றம். சக்கைப் பிடித்து மளமளவென்று சுற்ற ஆரம்பித்தார். கடைசி மரையும் விட்டது. கனம் கைக்கு வந்தபோதுதான் தாங்க முடியாது என்று தெரிந்தது.

"ஐயோ, பிடி! பிடி!"

மச்சினன் நெருங்குவதற்குள் இரும்புக்காரர் ஓடி வந்து ஒரு பலகையைப் படுகைமேல் தள்ளினார். சக் அதன்மேல் விழுந்தது. பலகை பிளந்தது. லேத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மச்சினனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தான்.

"என்ன மாமா, அ, ஆ மாதிரின்னு சொன்னீங்க?"

டர்னர் சிரிக்கவில்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

மச்சினன் இரும்புக்காரரிடம் திரும்பினான். "இவ்வளவு உஷாரா பலகையோட ஓடி வர்றீங்களே, அன்னிக்கு மட்டும் எப்படிண்ணே மறந்தீங்க?"

இரும்புக்காரர் ஒரு தடவை டர்னரைப் பார்த்தார். பிளந்த பலகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கவனக்குறைவுதான் தம்பி. வேற என்ன?"

டர்னரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போலிருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், "எவன்டா பலகை போடாதவன்?" என்று முதலாளி கத்தியபோதும் அந்த மனுஷன் முன்னால் வந்து இதையேதான் சொன்னார். பத்து நாளில் தன் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, சக்கைக் கழற்றிய கிரீஸ் கையோடு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றவர் இந்த டர்னர்.