கடித்த இடம்

"உண்ணிக் காய்ச்சல்னு மட்டும்தான் எழுதியிருக்கு டாக்டர். உண்ணி எங்க கடிச்சுதுன்னு எழுதலையே?"

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து போனில் கேட்டாள் குறியீடு போடுகிறவள். குறியீடு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை; ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண், அவ்வளவுதான். எண் விழுந்தால்தான் கோப்பு மூடும். கோப்பு மூடினால்தான் நோயாளி சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

"இடது காதுக்குப் பின்னால," என்றார் மேல்மாடியிலிருந்து டாக்டர்.

"அது உடம்புல. நான் கேக்கறது ஊர் உலகத்துல எங்க? காடா, தோட்டமா, வீடா?"

"வீடு."

"வீட்டுல எங்க? சமையலறை, படுக்கையறை எல்லாத்துக்கும் தனித்தனி எண் இருக்கு."

"கார் ஷெட்."

"அங்க என்ன பண்ணிட்டிருந்தாராம்?"

"தூங்கிட்டிருந்தார். நாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு."

கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்த அவள் விரல் நின்றது.

"ஏன், வீட்டுல கட்டில் மெத்தை இல்லையா?"

"இருக்கு. 'ஒண்ணு அந்த நாய் வெளிய போகணும், இல்ல நீங்க போகணும்'னு வீட்டம்மா சொன்னாங்களாம். எதுக்கு வம்புன்னு ரெண்டு பேரும் போயிட்டாங்க."

"கோபத்துல ஆயிரம் சொல்லுவாங்க. அதுக்காக ஷெட்டுல போயா படுக்கிறது? வீம்பு!"

"வீம்புக்கு எண் இருக்கா?"

"இல்ல. புருஷன் பெண்டாட்டி தகராறுக்கு இருக்கு."

"போட்டுடுங்க. யார் மேல தப்புன்னும் அதுல வருமா?"

"அந்த அளவுக்குக் குறியீட்டுப் புத்தகம் எழுதினவங்களுக்குத் தைரியம் இல்ல டாக்டர்."

"அந்தம்மா ஒரு தடவைகூட வந்து பாக்கலையாம்."

"இவர் ஒரு தடவையாவது கூப்பிட்டாராமா?"

மேலேயிருந்து இருமல் கேட்டது.

"சாயங்காலம் அனுப்பிட்டா எங்க போய்ப் படுக்கிறதுன்னு நோயாளி கவலைப்படறார்," என்றார் டாக்டர், குரல் இறங்கி.

"ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டாச்சுன்னு சொல்லுங்க. நாயைக் குளிப்பாட்டி, உண்ணி மருந்து போட்டு, கூடத்துல படுக்க வச்சாச்சுன்னும் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, மருந்து ஏறிக்கொண்டிருந்த தன் கையைத் தலையணைமேல் மெதுவாகக் கிடத்திக்கொண்டார் டாக்டர்.

"போன்ல யாரு டாக்டர்?" என்றாள் தெர்மாமீட்டரோடு வந்த நர்ஸ்.

"என் வீட்டம்மா. சண்டைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் பேசினா," என்றார் நோயாளி.