குபிட்ஸாவின் பெயரை அழைத்தபோது

“யாருப்பா அது, ‘இருக்கேன்’னு கத்துனது? பேரைச் சொன்னா ‘வீரமரணம்’னுதான் சொல்லணும்.”

போரில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கும் ஊர் அஞ்சலிக் கூட்டத்தில் மைக்கில் இப்படிக் கேட்டவர் தீயணைப்புத் தலைவர் ரோமெக். எல்லோரும் டிரம்பெட் ஊதும் குறும்புக்கார லெஷெக்கைப் பார்த்தோம்.

“வாயில கசகசா கேக்கை வச்சுக்கிட்டு எப்படிக் கத்துவேன், தலைவரே?”

கூட்டம் சிரித்தது.

செனோன் குபிட்ஸா காட்டில் ஒளிந்து ஜெர்மானியரோடு போரிட்டவர். போர் முடிந்ததும் எங்கள் போலந்தின் புதிய கம்யூனிஸ்ட் அரசே அவரைச் சுட்டு, எங்கோ புதைத்தது. மகள் வாந்தா எழுபது ஆண்டுகளாக அந்த இடத்தைத் தேடுகிறாள்.

ரோமெக் குபிட்ஸாவின் பெயரை மறுபடி அழைத்தார். இம்முறை ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாயும் அசையவில்லை.

“இருக்கேன்” என்றது உற்சாகமான ஓர் இளங்குரல்.

வாந்தா சிரித்தபடி மைக்கை வாங்கினாள்.

“அப்பா, எந்த இடத்துலன்னு மட்டும் சொல்லிடுங்க.”