நூற்றுப் பதிமூன்றாவது தலை

"கலியாணசுந்தரம் வந்து கொல்லைல உக்காந்து அரை மணியாச்சு. இன்னிக்கு விட்டா திங்கட்கிழமைதான் வருவார்" என்றாள் அம்மா.

நாவிதரைப் பற்றி யோசிக்க ஸௌந்தரராஜனுக்கு இதுவா நேரம்? "இருக்கட்டும்மா!" என்று சீறிவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தான். காலையில் தானே சவரம் செய்துகொண்டபோது மோவாயில் பட்ட கீறலில் வியர்வை இறங்கி எரிந்தது.

கூடத்தில் தங்கை மரகதவல்லி கணக்குப்பிள்ளை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அவனுடைய ஆராய்ச்சித் தாள்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்த வேகத்தில் தாள்கள் பறந்தன. நழுவிய வெள்ளைப் புடவை முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவற்றைப் பொறுக்கினாள்.

"என்ன அண்ணா, யாரோட சண்டை?"

"பிள்ளையார்பாளையத்துல. அந்தக் காசிநாதன் இல்லை, நம்ம கிராப்புக் கூட்டத்துத் தலைவன்? அவனை அவன் அப்பன் தூணோட கட்டி வெச்சு மொட்டை அடிச்சுட்டான்!"

ஸௌந்தரராஜன் பம்பாயில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுப்பவன். அங்கே ஆலைத் தெருக்களில் திரியும் வாலிபக் கோஷ்டிகளைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவன். இப்போது அவன் பிடித்திருப்பது காஞ்சிபுரத்துக் கிராப்புக் கூட்டம். குடுமியையும் மொட்டையையும் விட்டுக் கிராப்பு வளர்த்து, வகிடெடுத்து, கோடு போட்ட சட்டையோடு மாலையானால் காபி கிளப்பில் கூடுகிற தறிக்கார வாலிபர்கள், கோயில் வீட்டுப் பிள்ளைகள், ஒன்றிரண்டு ஜவுளிக்கடைப் பாய் வீட்டுப் பையன்கள். பகல் பன்னிரண்டு மணித் தபாலில் கட்டுரை போய்விட்டால் பேராசிரியர் நாற்காலி அவனுக்கு. தவறினால் அதில் வேறொருவன் உட்காருவான்.

அந்த அவசரத்திலும் பிள்ளையார்பாளையத்துக்கு ஓடியிருந்தான் என்றால் கோபம் எத்தகையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் காஞ்சிபுரத்து ஐயங்கார் ஒருவர் தறிக்கூடத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினால் தெரு சும்மா இருக்குமா? நெய்வதை விட்டுவிட்டு எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"அந்த ஆள் என்ன கேக்கறான் தெரியுமா? 'தறியில குந்திக்கினு கண்ணாடி பாத்துக்கினு கீறான். எம் புள்ள தலைய நான் செரைப்பேன், நீ யாருப்பா கேக்கறதுக்கு?'ங்கறான்!"

"நீ என்ன சொன்னே?"

"தலை அவனோடது, இஷ்டமும் அவனோடதுன்னேன். அடுத்தவன் தலைல கத்தி வைக்க உனக்கு என்ன அதிகாரம்னு கேட்டேன்."

மரகதவல்லி மறுபடி எழுதக் குனிந்தாள். பேனாவை அழுத்திய அழுத்தத்தில் முள் விரிந்து தாளில் மசி கொட்டியது.

"சரி, முடிச்சுட்டியா? மொத்தம் நூத்திப் பன்னண்டு சீட்டு."

"நூத்திப் பதிமூணு."

"என்ன உளர்றே? ஒவ்வொருத்தனையும் நான் நேர்ல பாத்து எழுதின சீட்டு. ஒண்ணு கூடினா கணக்கெல்லாம் தப்பாயிடும்!"

"நீ மெட்ராஸ் போயிருந்தப்போ நான் எழுதினது ஒண்ணு. இந்தக் கூடத்துலயே உக்காந்து எழுதினேன்."

வெடுக்கென்று சீட்டைப் பிடுங்கினான். சீட்டில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும் போதும் என்பது அவன் போட்ட சட்டம். தங்கை அதை மீறவில்லை. வயது இருபது. முதல் மொட்டை பதினைந்து வயதில். பிறகு மாதம் தவறாமல்.

"மாசாமாசமா?" ஸௌந்தரராஜன் கத்தினான். "அஞ்சு வருஷமாவா? காசிநாதன் அப்பனே தேவலை போலிருக்கே! 'யார் சொல்லி' கட்டத்தை ஏன் காலியா விட்டிருக்கே?"

"அதை உன் கையால எழுதணும்னுதான்."

"யாரு, அப்பன்காரனா?"

"அப்பா அப்போ உயிரோட இல்லை. குடும்பத்துக்கு மூத்தவர் வெளியூர்ல பெரிய படிப்பு படிச்சுண்டிருந்தார். என்ன செய்யறதுன்னு வீட்லேர்ந்து அவருக்குக் கேட்டு எழுதினா. 'ஊர் வழக்கப்படி செஞ்சுடுங்கோ'ன்னு ஒரு வரி பதில் வந்தது. அவ்வளவுதான்."

"படிச்சவனா? படிச்சவனா இப்படி எழுதினான்?" மேஜைமேல் ஓங்கி ஒரு குத்து விட்டான். "வேண்டாம்னு அழலையா?"

"மூணு நாள் சாப்பிடாம அழுதாச்சு. பம்பா… வெளியூர் வரைக்கும் கேக்குமா?"

தங்கையின் குரலில் இவ்வளவு சூட்டை அவன் கேட்டதே இல்லை. வீட்டில் ஒருத்திக்காவது ரோஷம் வந்ததே என்று அந்தக் கோபத்திலும் அவனுக்கு ஒரு சந்தோஷம். கட்டுரைக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது என்றும் தோன்றியது.

"பேரைச் சொல்லு மரகதம். சட்டமாவது ஒண்ணாவது, இந்த ஒரு சீட்டுல பேரைப் போட்டே அனுப்பறேன். அந்த மகாபாவியை உலகம் தெரிஞ்சுக்கட்டும்!" பேனாவை மசியில் தோய்த்துக் கட்டத்தின்மேல் வைத்தான்.

கொல்லையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கத்தியைத் தீட்டியாச்சாம். இன்னும் எத்தனை நாழி?"

மரகதவல்லி எழுந்து நின்றாள்.

"உன் பேரை எழுது அண்ணா. எழுதிட்டு, என் தலையைச் சிரைக்கக் காத்துண்டிருக்காரே, அவரைத் திருப்பி அனுப்பு."