பொம்மைக்கு ரெண்டாவது கண்ணு

"இந்தக் கண்ணை வெச்சது யாரு? இப்பவே சொல்லிப்போடுங்க!"

லாட்ஜ் மேனேஜர் பெரியநாயகம் போட்ட சத்தத்தில் ஏற்காடு ஏரிப் படகெல்லாம் தானாகவே கரை ஒதுங்கின. அவர் கையில், லாட்ஜில் தங்கியிருக்கும் ஜப்பான் மந்திரியின் பொம்மை; தேங்காய் அளவு, சிவப்பு நிறம். கை கால் கிடையாது. முறைக்கிற முகம் மட்டும். நேற்று வரை அதற்கு ஒரே கண்தான். இன்று காலை இரண்டு!

"நான்தானுங்க," என்றாள் அறை பெருக்கும் மாதம்மாள். "சாமிக்குக் கண்ணு தொறக்காம அரையுங் கொறையுமா வெக்கக் கூடாதுங்க. பாவம், அந்த சப்பான் மந்திரிக்கு ஆரும் சொல்லல போல. இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு, தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து, எம் மவளோட கண்மையில வெச்சுட்டனுங்க."

"அது சாமியே இல்லைம்மா!" மொழிபெயர்ப்பாளர் செல்லப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். டெல்லியில் ஜப்பானிய மொழி படித்த சேலத்துக்காரர். "மனசுல ஒண்ணை வேண்டிக்கிட்டு ஒரு கண்ணு வரைவாங்க. அது பலிச்சாத்தான் அடுத்த கண்ணு. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் இவர் ஒரு பொம்மை வெப்பாரு. அங்க சபையக் கலைச்சாச்சுன்னு காலையிலதான் தந்தி வந்திருக்கு. அடுத்த மாசம் எலெக்‌ஷன், மந்திரி இன்னைக்கே கிளம்பணும். இந்த நேரத்துல போயி..."

மந்திரி ஒகிமுரா லேசுப்பட்ட ஆளில்லை. ஒன்பது தேர்தல், ஒன்பதிலும் ஜெயம். மீன், தபால், ரயில் என்று மூன்று இலாகா. ரயில் மந்திரியாக இருந்தபோது ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதமானதற்கு, நாடு முழுக்கக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டதில் முதுகே வளைந்துவிட்டதாம். நம்ம வாழவந்தி பஸ்ஸுக்கு அவர் மந்திரியாக இருந்திருந்தால், மனுஷன் இந்த ஜென்மத்தில் நிமிர்ந்திருக்க மாட்டார்.

"பத்தாவதுல அவர் தோத்தாரோ, உன் வேலை போச்சு மாதம்மா. என் வேலையும் போச்சு. இந்தியா ஜப்பான் சிநேகிதமே போச்சு!" என்று கத்தினார் பெரியநாயகம்.

"இந்த வேலைய நம்பித்தானுங்க எங்க ஊடு ஓடுது," என்று மாதம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழிச்சுப் பாத்தியா?" என்றார் செல்லப்பன்.

"ஈரத்துணியில தொடச்சனுங்க. முன்னைக்கி இன்னும் பெருசா முழிக்குது."



"ஏனுங்க, அந்த மந்திரியும் ஒரு தினுசுதானுங்க," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சியபடி. "வந்தன்னைக்கே காலண்டரைச் செவுத்துப் பக்கமாத் திருப்பிப் போட்டுட்டாரு. கைக்கடியாரத்தைக் காப்பிச் செடிக்கு அடியில உட்டுட்டு வந்தாரு. தேடிக் கொண்டாந்து குடுத்தா, மூஞ்சி நொம்ப வாடிப்போச்சுங்க."

கதவு திறந்தது. கோட்டும் டையுமாக மந்திரி வந்து நின்றார். வாசலில் கார் ஹாரன் அடித்தது.

மாதம்மாள் தடாலென்று காலில் விழுந்தாள். பதறிப்போன மந்திரி பதிலுக்குக் குனிந்தார். மேனேஜரும் சும்மா இருப்பானேன் என்று குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் அரை நாழிகை போயிற்று.

செல்லப்பன் திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னார். மந்திரி பொம்மையை வாங்கி மேசையில் வைத்தார். அதற்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார். கண்ணோடு கண்ணாக வெகுநேரம் பார்த்தார். தோள் இரண்டும் குலுங்கின.

"அழுவறாருங்களா?" என்றாள் மாதம்மாள்.

"இல்லைம்மா... சிரிக்கிறாரு."

மந்திரி டையைக் கழற்றினார். ஏதோ நீளமாகப் பேசினார். பிறகு மாதம்மாளைப் பார்த்து, ரயிலுக்குக் கூடக் குனியாத அளவுக்குக் குனிந்தார். 

"என்னங்க சொல்றாரு?" பெரியநாயகம் செல்லப்பனை உலுக்கினார்.

"காரைத் திருப்பி அனுப்பச் சொல்றாரு. எலெக்‌ஷன்ல நிக்கலைன்னு டோக்கியோவுக்குத் தந்தி அடிக்கணுமாம்."

"ஐயையோ! நாமளே கெடுத்துப்போட்டமா?"

"இல்லைங்க," என்றார் செல்லப்பன். "ஒம்போது பொம்மைக்கும் ஜெயிக்கணும்னுதான் வேண்டினாராம்; இதுக்கு மட்டும், 'போதும்'னு சொல்ற தைரியம் வரணும்னு வேண்டினாராம்... மூணு வருசமா அந்த ரெண்டாவது கண்ணை வெக்கத்தான் கை வரலையாம்!"