வலது முழங்காலின் சதவீதம்

நாட்டுக்காகச் சிந்திய ரத்தத்துக்கு எவராலும் விலை சொல்ல முடியாது. முழங்காலுக்கு மட்டும் சதவீதம் உண்டு. முன்னாள் ஹவில்தார் மாசிலாமணியின் வலது முழங்காலுக்கு ராணுவ மருத்துவக் குழு பதினைந்து போட்டிருந்தது. இருபது இருந்தால்தான் ஊனத்துக்கான பென்ஷன். மேல்முறையீட்டுக்கு மனைவி பூங்காவனத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

குழுவின் டாக்டரம்மா முழங்காலை மடக்கிப் பார்த்தார். பழைய கதவு திறப்பதுபோல் உள்ளே சத்தம் கேட்டது. "இருபது தாராளமா போடலாம். ஆனா டூட்டியில பட்ட அடியான்னு தெரியணும். எப்படி ஆச்சு?"

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "மேடம், இவ கொஞ்சம் வெளிய இருக்கட்டும்."

"நான் எதுக்குப் போவணும்? பனிமலையில குண்டு பாய்ஞ்ச கதைதானே? இருபது வருசமா ஊருக்கே நான்தான் சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள் பூங்காவனம்.

ஒரு பக்கம் மானம், இன்னொரு பக்கம் ஐந்து சதவீதம். மாசிலாமணி விறைப்பாக நிமிர்ந்தார். "கர்னல் வீட்டு வாத்து, மேடம். கூண்டுல அடைக்கச் சொல்லி உத்தரவு. ஓடினதுல விழுந்து முட்டி போச்சு."

பூங்காவனத்துக்கு முதலில் விக்கல்தான் வந்தது. "வாத்தா! யோவ், வாத்தா!" முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் குலுங்க, டாக்டரம்மாவும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாசிலாமணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. உத்தரவு என்றால் டூட்டிதான், இருபது கிடைத்தது.

"போனாப் போவுது. நாட்டுக்காக வாத்தைத் துரத்தினாருன்னு சொல்லிக்கிறேன்" என்று பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போடுமுன் டாக்டரம்மா பழைய கோப்பைப் புரட்டி உரக்கப் படித்தார். அதில், துரத்தியது வாத்து, ஓடியது ஹவில்தார் என்று இருந்தது.