சூடு ஆறாத அலுமினியம்

மூன்று மாதமாகப் பட்டறையைப் பெருக்கிப் பெருக்கி, குனிந்தால் நிமிர மறுக்கிறது ஜோதிமணியின் இடுப்பு. நிலாவில் ஆளில்லாமல் இறங்கப்போகும் கலத்துக்குக் கால்மூட்டு செய்யும் மைசூர்ப் பட்டறை இது. அராவிப் பிசிறு எடுப்பதுதான் அவள் வேலையாக இருந்தது. போன தடவை சூப்பர்வைசர் சந்துரு, மெஷினிலிருந்து வந்த துண்டைச் சூட்டோடு அளந்து, பெருசா இருக்குது, இன்னும் அராவு என்றான். ஆறியதும் அது சுருங்கி அளவு குறைந்துபோனது. பழியை அவள் தலையில் கட்டி, எல்லோர் முன்னாலும் குருடி என்று சொல்லி, அராவியைப் பிடுங்கித் துடைப்பத்தைக் கொடுத்தான். இன்று கலத்தை அனுப்புகிறவர்களின் அதிகாரி வந்து நிற்கிறார். ஜன்னல் வெயிலில் புதுத் துண்டிலிருந்து எண்ணெய்ப் புகை எழுகிறது. சந்துரு அவசரமாக அளக்க வெர்னியரை எடுக்கிறான். “ஆறட்டுங்க சார். போன தடவையும் இப்பிடிச் சூட்டோடதான அளந்தீங்க?” என்கிறாள் ஜோதிமணி, எல்லோருக்கும் கேட்கும்படி. “சும்னிரு ஜோதி!” என்று கன்னடத்தில் அவள் வாயை அடக்கப் பார்க்கிறான் சந்துரு. “குருடிக்கு இது மட்டும் நல்லாத் தெரியுதுங்க சார்.” அதிகாரி அவன் பக்கம் மெல்லத் திரும்புகிறார். அவன் கழுத்தில் வேர்வை இறங்குவதை ஜோதிமணி ஆற அமரப் பார்க்கிறாள். அது போதவில்லை. இத்தனை பேர் முன்னால் அவன் அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது.